பிடியரிசியில் கிடந்த கற்கள்

விடியற்காலையில் நான் பாயில் புரண்டுகொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து 'சலார்' என்று ஒரு சத்தம் வரும். அம்மா ஒரு பிடி அரிசியைத் தகர டப்பாவுக்குள் போடுகிற சத்தம். மாதத் தொடக்கத்தில் கணீரென்று கேட்கும், டப்பா நிறைய நிறைய மெத்தென்று ஆகிவிடும், அதனால் காலண்டரைப் பார்க்காமலேயே மாதம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று என்னால் சொல்லிவிட முடியும். எங்கள் சபையில் அதற்குப் 'பிடியரிசி' என்று பெயர். அன்றாடம் உலை வைக்குமுன் நன்றியாக ஒரு பிடி எடுத்துவைத்து, மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் விரித்திருக்கும் படுதாவில் எல்லா வீட்டாரும் கொட்ட வேண்டும். அப்படிச் சேர்ந்த அரிசியை எங்கள் உபதேசியார் மூட்டை கட்டி, அந்த மாதம் யாருக்குக் கஷ்டம் என்று யாரும் சொல்லாமலே அறிந்து அந்த வீட்டில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் மத்தியான நேரமாகப் பார்த்து இறக்கிவிட்டு வருவார்.

எந்த வீடு என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எனக்கோ அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருக்கும். ஒருமுறை உபதேசியாரிடமே கேட்டுவிட்டேன். "குடுத்தது எங்க போச்சுன்னு தேடறவன் இன்னும் குடுக்கவே இல்லீங் சாமி," என்று சிரித்துக்கொண்டே மூட்டையின் வாயைக் கட்டினார்.

ஆள் தெரியாவிட்டால் என்ன, அரிசி தெரியுமே என்று நான் அரிசியைப் படிக்க ஆரம்பித்தேன். படுதாவின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு யார் டப்பாவிலிருந்து என்ன விழுகிறது என்று பார்ப்பதுதான் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையின் உண்மையான ஆராதனை. எங்கள் டப்பா கவிழும்போது என் கண் அடுத்து நிற்பவர் டப்பாவில் இருக்கும். டீச்சர் வீட்டுப் பழைய பொன்னி ஊசிபோல மெலிந்திருக்கும். உபதேசியார் வீட்டில் பாதிக்குப் பாதி நொய் இருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கம் அன்றைக்கு ரேஷன் அரிசி வாங்காத வீடே கிடையாது. பொன்னி வாங்க முடிந்தவர்கள் ரேஷனை இட்லி மாவுக்கும் கோழிக்கும் வைத்துக்கொண்டு சோற்றுக்குப் பொன்னி வாங்குவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டு எஸ்தர் அத்தையும் அப்படித்தான், நான் அவர்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன், சோறு மல்லிகைப்பூவாக இருக்கும். ஆனால் கோயிலில் அத்தையின் டப்பாவைக் கவிழ்த்தால் விழுவது கல்லும் கருப்புமாக ரேஷன் அரிசி. இதை நான் பெரிய கண்டுபிடிப்பாக வந்து சொன்னபோது அம்மா தலைநிமிராமல், "அடுத்த ஊட்டு அரிசி உனக்கெதுக்கு? வாய மூடிட்டுப் போ," என்றாள்.

அப்பா ரிக் லாரியில் போர்க் கிணறு தோண்டும் வேலைக்கு வடக்கே போய்க்கொண்டிருந்தார். மழை பிடித்தால் அங்கே வேலை நின்றுவிடும். அந்த வருடம் மழையும் விடவில்லை, வண்டியும் பழுதாகி எங்கோ ஒரு காட்டில் நின்றுவிட்டது, அப்பாவிடமிருந்து பணமும் வரவில்லை. ரேஷன் கடையிலும் சரக்கு வரவில்லை என்று கையை விரித்தார்கள். அம்மா வெளியில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. லாரிக்காரர் வீடு என்று எங்களுக்குத் தெருவில் ஒரு மதிப்பு இருந்தது, அது போய்விடக் கூடாது என்று அவளுக்கு உயிர் துடித்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து பார்த்தேன். டீச்சர் வீட்டுப் பொன்னி, உபதேசியார் வீட்டு நொய், எல்லாம் ஒரே முறத்தில்! இத்தனை நாள் தேடிய வீடு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், "அம்மா, இது…" என்று கத்திவிட்டேன். அது எங்கள் வீடு என்பது அதன் பிறகுதான் உறைத்தது. "தெரிஞ்சா தெரிஞ்சபடி இரு சாமி," என்றாள் அம்மா. குரல் அவளுடையதாகவே இல்லை, எனக்குப் பயமாகிவிட்டது.

உலை வைக்குமுன் அந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி அள்ளி டப்பாவில் போட்டாள். "கோயில்ல குடுத்ததையே திருப்பிக் குடுத்தா அது காணிக்கையாம்மா?" என்று கேட்டேன், எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "கைக்கு வந்தப்புறம் நம்மதுதான? நம்மதுலதான் எடுக்கறேன்," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி முறத்தோடு உட்கார்ந்திருந்தபோது, "அண்ணி, ரெண்டு பச்சமொளகா இருந்தாக் குடுங்க," என்றபடி எஸ்தர் அத்தை உள்ளே வந்துவிட்டார். முறத்தை மறைக்க நேரமில்லை. அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. அத்தை அரிசியைப் பார்த்தார், ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார், பிறகு எங்களோடு கீழே உட்கார்ந்து கல் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தது. முறம் சுத்தமானதும் எழுந்து, "வாரேனுங்க அண்ணி," என்று மிளகாயை மறந்து போய்விட்டார். நாளைக்குக் குழாயடியில் சேதி பரவிவிடும் என்று அம்மா பல நாள் தண்ணீருக்கே என்னைத்தான் அனுப்பினாள், ஆனால் குழாயடியில் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசி ஞாயிறன்று நான் வழக்கம்போலப் படுதாவின் ஓரத்தில் இருந்தேன். அத்தை டப்பாவைக் கவிழ்த்தார். மேலே இருந்ததெல்லாம் வெள்ளை வெளேரென்று பொன்னி. டப்பாவின் அடியில் கிடந்து கடைசியாக விழுந்ததுதான் ரேஷன் அரிசி. அடுத்த மாதத்திலிருந்து அதுவும் இல்லை.

இப்போது அந்தக் கோயிலுக்கு டைல்ஸ் போட்டாயிற்று. வாசலில் ஒரு கியூஆர் கட்டம் ஒட்டியிருக்கிறார்கள், போனைக் காட்டினால் காணிக்கை போய்விடுகிறது, நானும் அப்படித்தான் கொடுக்கிறேன். படுதாவும் டப்பாக்களும் எப்போது நின்றுபோயின என்று கேட்டால் யாருக்கும் சரியாக நினைவில்லை. இந்த வருடம் கோயில் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் பழைய கதையை எடுத்தேன். "எஸ்தர் அத்தை போட்ட கல்லை அத்தையே வந்து பொறுக்க வேண்டியதாயிடுச்சு பாருங்கம்மா," என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "அத்தன கல்லும் அவ போட்டதுன்னா இத்தன வருசம் நெனச்சுட்டிருக்கற? பாதி நம்ம ஊட்டுது சாமி," என்றாள்.

ஊரார் டப்பாவையெல்லாம் எட்டிப் பார்த்த நான், எங்கள் டப்பாவில் என்ன விழுகிறது என்று ஒருநாளும் எழுந்துபோய்ப் பார்த்ததில்லை.