கோட்டுப்பால் பந்து யாருக்குக் கிடைத்தது

என் முதல் நாவலில் எல்லாரும் மெச்சிய அத்தியாயம், ஒரு பையன் அம்மாவோடு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போவது. அதை நான் யோசித்து எழுதவில்லை. ஈப்போ ஜவுளிக்கடையில் நாளெல்லாம் துணி கிழித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் தானாக வரும். வெட்டில் காய்ந்து ஒட்டிய கோட்டுப்பாலைப் பையன் உரிப்பான், பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்து வைப்பான். ஒருநாள் அம்மா அந்தக் கோட்டுப்பாலைச் சுருட்டிப் பந்தாக்கி, முந்தானையில் துடைத்து, "வச்சுக்க, என் சாமி" என்று கொடுப்பாள். எழுதும்போது என் கையில் ரப்பர் வாடை அடித்தது. அழுகையும் வந்தது. அழுகை வந்தால் அது நடந்ததுதான் என்று நம்பிய வயசு.

தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்துப் பெருவெள்ளம் வடிந்த மறுவருஷம் புத்தகம் அச்சாகி வந்தது. எடுத்துக்கொண்டு சிலிம் ரிவருக்கு, அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "கதைக்குக் காலில்லை, பேய்க்குப் பாதமில்லை, படி பாப்போம்" என்று அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். அந்த அத்தியாயத்தை முழுக்கப் படித்து முடித்ததும் முறம் நின்றது.

"அது நீ இல்லடா. நான்."

"எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குதுக்கா."

"நிக்கும். நீ தூங்காம அழுவே, நான்தானே சொல்லிச் சொல்லித் தூங்க வச்சேன். அம்மா போனப்ப உனக்கு நடையே சரியா வரல. எனக்கு அம்மான்னு மிச்சம் இருக்கிறது அந்த ஒரு நாளுதான் தம்பி. அதையும் உன் பேருல போட்டுக்கிட்டியா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கையில் வாடை அடித்ததே, அது யாருடைய கை? கேட்ட கதைக்கெல்லாம் வாடை இருக்குமா? இத்தனை வருஷம் அம்மாவை நினைத்து அழுதது, அக்கா சொன்னதை நினைத்து அழுததுதானா? ஒன்றும் பிடிபடவில்லை. அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல், "நீயே சொல்லுக்கா, அடுத்த பதிப்புல பொண்ணுன்னு மாத்திடுறேன்" என்றேன்.

அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். மரம், மங்கு, கோட்டுப்பால், எல்லாம் நான் எழுதினபடியேதான். கடைசியில், "முந்தானையில தொடச்சு, 'வச்சுக்க, என் சாமி'ன்னு குடுத்தா" என்று சொல்லி விசும்பினாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தை என்னுடையது. முதலில் 'கண்ணு' என்று எழுதி அடித்தேன். பிறகு 'ராசா'. அதுவும் ஒட்டவில்லை. 'சாமி' என்று போட்டதும்தான் அழுகை வந்தது. அம்மா வாய் திறந்து ஒருத்தரையும் கொஞ்ச மாட்டாள் என்று சின்ன வயசில் எனக்குச் சொன்னதே இந்த அக்காதான்.

இல்லை, அப்போதே இந்த வார்த்தையையும் அவள் சொல்லி, நான் மறந்துபோய், எழுதும்போது என்னுடையது என்று நினைத்துக்கொண்டேனா? கேட்டால் தெரிந்துவிடும். கேட்டு, அவளும் யோசிக்க ஆரம்பித்து, அம்மா அப்படிச் சொல்லவே இல்லை என்று ஆகிவிட்டால்?

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முறத்தை மறுபடி எடுத்தாள்.

"மாத்துறதெல்லாம் மாத்திக்க தம்பி. அம்மா என்னைச் சாமின்னு கூப்பிட்டா பாரு, அதுல மட்டும் கை வச்சிடாதே."

"வைக்க மாட்டேன்க்கா" என்றேன்.