பூமாரி அக்காவின் வெள்ளை அட்டைகள்

எண்ணூர் போகும் சாலையில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். போல்ட், கிரீஸ், கையுறை என்று எது உள்ளே வந்தாலும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். பொருளோடு வரும் கவர், காலண்டர், தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் அப்படித்தான். ஸ்வீட் பாக்ஸின் மேல் யார் யாருடைய பேரோ எழுதியிருக்கும். என் பேர் இருக்காது. அந்த எரிச்சல் எனக்கு நிறையவே உண்டு. செங்குட்டுவன் என்று ஒருத்தன் இங்கே இருப்பது, ஏதாவது ஒரு சாமான் குறைந்தால்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

பூமாரி அக்கா எங்களுக்கு பனியன் வேஸ்ட் போட்டவர். ஃபிட்டர்கள் மெஷினையும் கையையும் துடைக்கிற பழைய துணிதான் அது. திருச்செந்தூர் பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி ராயபுரம் வந்தவர். கணவர் சண்முகவேல் மாரடைப்பில் போன பிறகு, ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகையையும் தொழிலையும் தனியாளாகத் தூக்கிச் சுமந்தார். பழைய சட்டை, நைட்டி என்று மூட்டை மூட்டையாக வரும். சொக்கம்மாள், ராஜாத்தி என்று ஆறு பெண்கள் உட்கார்ந்து பட்டன், ஊக்கு, ஜிப் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, துண்டு துண்டாகக் கிழித்துக் கட்டுவார்கள். ஒரே ஒரு ஊக்கு தப்பினாலும் ஃபிட்டர் கை கிழிந்துவிடும். நாலு வருஷத்தில் பூமாரி அக்காவின் மூட்டையில் ஒரு ஊக்குகூட வந்ததில்லை என்று ஃபிட்டர்கள் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். அதை நான் மேலே யாரிடமும் சொன்னதில்லை. குறை இருந்தால் எழுத எனக்கு ஒரு ஃபாரம் உண்டு. நல்லதை எழுத ஃபாரம் கிடையாது.

மாதம் ஒரு தடவை அக்காவே குட்டியானை வண்டியில் டிரைவர் டென்னிஸ் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரி வரிசையில் மாட்டி, மூன்று மணி நேரம் வெயிலில் வெந்து, முகமெல்லாம் புழுதியோடு இறங்குவார். முதல் மாதமே டெலிவரி சீட்டோடு ஒரு கவரையும் நீட்டினார். உள்ளே கெட்டியான வெள்ளை அட்டை. ஒரு பக்கம் முழுக்கக் குண்டு குண்டான எழுத்தில் பர்ச்சேஸ் மேனேஜருக்கு நன்றி.

"மக ராமசெல்வி ஏதோ வீடியோ பாத்திருக்கா தம்பி. கைப்பட ஒரு நன்றி எழுதிக் குடுத்தா யாவாரம் நிலைக்குமாம். நான் எட்டாங்கிளாஸ். ஒரு அட்டை எழுத ஒரு மணி நேரம் ஆகுது. மேனேஜர்கிட்ட குடுத்துருவியளா?"

"குட்த்துட்றேன்க்கா, நீ இன்னாத்துக்குப் பேஜார் படற" என்று வாங்கி வைத்தேன்.

கொடுக்கவும் செய்தேன், ஒரே ஒரு தடவை. அப்போதிருந்த மேனேஜர் அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதையெல்லாம் இங்க தூக்கிட்டு வராதப்பா" என்றார். அவமானம் எனக்குத்தான் பட்டது. அடுத்த மாதத்திலிருந்து கவரைப் பிரித்து, அட்டையை டிராயரில் போட ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் அக்கா, "குடுத்தியளா தம்பி?" என்று கேட்பார். "குட்த்தாச்சு குட்த்தாச்சு" என்பேன். வேலை ஓய்ந்தால் போதும் என்று இருக்கிறவனுக்குப் பொய் சுலபமாக வந்துவிடும்.

அந்த வருஷம் ஸ்டோர்ஸில் பின் கார்டு தீர்ந்துபோனது. எந்தத் தட்டில் என்ன சாமான், எத்தனை என்று எழுதி ரேக்கில் தொங்கவிடும் அட்டை. புதிது கேட்டு மூன்று தடவை எழுதிப் போட்டேன். ஆபீஸில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடுப்பில் டிராயரைத் திறந்தால் அக்காவின் அட்டைகள். பின்பக்கம் பளிச்சென்று வெறுமையாக இருந்தது. அதில் 'வாஷர் 8 மிமீ' என்று எழுதி, ஓட்டை போட்டு, கட்டுக்கம்பியில் மாட்டினேன். நன்றி சுவரைப் பார்த்தது, வாஷர் என்னைப் பார்த்தது. அதன் பிறகு மாதம் ஒன்று வர வர, மாதம் ஒன்று தொங்கவிட்டேன்.

இரண்டு வருஷம் முன்பு பழைய மேனேஜர் மாறிப்போய், நாகர்கோவில் பக்கத்து அனிஷா மேடம் வந்தார். நல்ல மாதிரி. ஆனால் எனக்கு டிராயர் பழக்கமாகிவிட்டிருந்தது.

போன மாதம் தலைமை ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. சின்னச் சின்ன ஆட்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ஒரே பெரிய கம்பெனியிடம் வாங்க வேண்டும். பழைய ஆட்களில் ஐந்து பேரை மட்டும் மேனேஜர் வைத்துக்கொள்ளலாம். அனிஷா மேடம் ஐந்து பேர் எழுதினார். அதில் பூமாரி அக்கா இல்லை. அக்காவின் கொட்டகையில் இருக்கும் ஆறு பெண்களில் நாலு பேருக்கு எங்கள் ஆர்டர்தான் கூலி.

விஷயம் தெரிந்ததும் அக்கா மேடத்தைப் பார்க்க வந்தார். நான்தான் அறைக்கு அழைத்துப்போனேன். உட்காரச் சொல்லியும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா" என்றார் மேடம். "அஞ்சு பேருக்குத்தான் இடம். எனக்குப் பழக்கமானவங்க பேரைத்தான் எழுத முடிஞ்சுது. உங்களை நான் பார்த்ததே இல்லையே."

"பாக்கல மேடம். ஆனா மாசாமாசம் எழுதுனேனே" என்றார் அக்கா.

"என்ன எழுதினீங்க? எனக்கு ஒண்ணும் வரலையே."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்லுவேன் என்று நம்பிப் பார்த்தார். ஆபீஸ் தபாலில் தொலைந்தது, பழைய மேனேஜர் வாங்கி வைத்துக்கொண்டார் என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் பொய் சொல்லக்கூட அசதியாக இருந்தது.

"ஸ்டோர்ஸ்ல கீது மேடம்" என்றேன்.

மூன்று பேரும் நடந்து போனோம். ரேக்குக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிக் காட்டினேன். ஓ-ரிங் அட்டைக்குப் பின்னால், மழையில் நனைந்த இரண்டு மூட்டையை மறுபேச்சில்லாமல் மாற்றித் தர விட்டதற்கு நன்றி. பேரிங் அட்டைக்குப் பின்னால், ராமசெல்வி பாஸான மாதத்து நன்றி. கிரீஸ் நிப்பிள் அட்டையை மேடமே திருப்பினார். வாய்விட்டுப் படித்தார்.

"புதிதாக வந்திருக்கும் மேடம் அவர்களுக்கு வணக்கம். கேட்டில் சொன்னார்கள். பெண் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது எங்கள் கொட்டகையில் எல்லோருக்கும் சந்தோஷம். வெயில் அதிகம், மோர் குடியுங்கள். ஆர்டருக்கு நன்றி. பூமாரி."

மேடம் அந்த அட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார். "நான் ஜாயின் பண்ணின வாரம் இங்க ஒருத்தர்கூட வாங்கன்னு சொல்லலை" என்றார். பிறகு, "லிஸ்ட் திங்கட்கிழமையே போயிடுச்சும்மா. பேசிப் பார்க்கிறேன். ஆனா நடக்கும்னு சொல்ல முடியலை" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

அக்கா என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வாஷர் அட்டையைத் தொட்டு, ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"அட்டை கெட்டியாத்தான் இருக்கு, என்ன தம்பி? வீட்டுல இன்னும் ஒரு கட்டு கெடக்கு. இனி நான் யாருக்கு எழுதப்போறேன்? உங்களுக்கு ஒதவும்னா அனுப்பிவிடுதேன்."

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டார். தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கடைசி லோடு முப்பதாம் தேதி வந்தது. அக்கா வரவில்லை, டென்னிஸ் மட்டும்தான். மூட்டைகளை இறக்கிவிட்டு, பழைய துணியில் சுற்றிய கட்டு ஒன்றை என் மேஜையில் வைத்தான். வெள்ளை அட்டைகள், இரண்டு பக்கமும் வெறுமையாக. கவர் எதுவும் இல்லை.

டென்னிஸை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். ஒரு அட்டையை உருவினேன். எனக்கும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆனது. இவ்வளவுதான் எழுதினேன்: "அக்காவுக்கு. நாலு வருஷமாக உங்கள் மூட்டையில் ஒரு ஊக்கு வந்ததில்லை. எங்கள் ஆட்கள் ஒருத்தர் கையும் கிழியவில்லை. இதை மேலே சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள். செங்குட்டுவன், ஸ்டோர்ஸ்."

கவரில் போட்டு டென்னிஸிடம் நீட்டினேன்.

"இன்னா சார் இது? அக்கா இல்லன்னா அங்க இருக்குற யார்னா ஒருத்தர்கிட்ட குட்த்துடவா?"

"வேணாம் மாமு" என்றேன். "அக்கா வர்ற வரைக்கும் வெய்ட் பண்ணு. அக்கா கைலயே குடு. நடுவுல எவன் கைலயும் குட்த்துடாத."