காற்றுப் பட்ட கோப்பை

வீட்டைச் சூடாக்கும் பொயிலரில் மஞ்சள் நெருப்பைக் கண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். லண்டனில் இல்ஃபோர்ட் பக்கத்து வாடகை வீடுகளுக்குக் காஸ் வேலைக்குப் போகிறேன். "போன வருசமும் இப்பிடித்தான் எரிஞ்சது, ஒண்டும் நடக்கேல்லையே தங்கச்சி" என்று வீட்டுக்காரர் இளிப்பார். நான் விளக்கம் சொல்வதில்லை. காஸை மூடி, பாவிக்கக் கூடாது என்ற சீட்டை ஒட்டிவிட்டு வருவேன். பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் கூடாது என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக் காஸையும் மூடியிருக்கிறேன்.

இந்தப் பழக்கத்தை எனக்குள் போட்டவர் மாமா. அம்மாவின் தம்பி. சில வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டன் வந்து, எங்கள் வீட்டு மேல் அறையில் தங்கி, பொயிலர் திருத்தினார். சனிக்கிழமைகளில் அம்மாவுக்கும் ஷிப்ட், அப்பாவுக்கும் ஷிப்ட். ஒன்பது வயதான என்னைப் பார்க்க ஆளில்லை. மாமாவின் வான் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

மாமா கதை சொல்லும் ஆள் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே பாடம். போகிற வீட்டிலெல்லாம் அடுப்பைக் காட்டிக் கேட்பார். நான் ஒப்புவிக்க வேண்டும். "நீலம் எண்டால் இரு. மஞ்சள் எண்டால் காத்தைத் திற." பிழைவிட்டால் அன்றைக்கு சிப்ஸ் கிடையாது. காற்றுக் குறைந்தால் நெருப்பு மஞ்சளாகும், மணமே இல்லாத நஞ்சு வரும், ஆட்கள் நித்திரையிலேயே போய்விடுவார்கள் என்பார். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற கதையா இது என்று அம்மா சண்டை பிடிப்பார். மாமா காதில் விழுத்தமாட்டார்.

ட்ராம் பாதைக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு யப்பான்காரி பட்டறை வைத்திருந்தார். நான் அவரை யப்பான் அன்ரி என்று கூப்பிட்டேன். கைபிடி இல்லாத தேநீர்க் கோப்பைகள் செய்வார். அவருடைய சூளை காஸில் எரிவது. அதன் குழாய்களைப் பார்ப்பது மாமாவின் வேலை.

அன்ரியின் அப்பாவும் அப்பப்பாவும் யப்பானில் கோப்பை சுட்டவர்கள். ஒரு விதமான சிவப்புக்குப் பேர்போன குடும்பம். செம்பு கலந்த பூச்சைப் பூசி, சூளைக்குள் காற்றைக் குறைத்துச் சுட்டால் அந்தச் சிவப்பு வரும். காற்றுப் பட்டால் பச்சையாகிவிடும். அன்ரியை வனைய விட்டார்கள், பூச்சுப் பூச விட்டார்கள். நெருப்பில் கைவைக்க விடவில்லை. அது அண்ணனுக்கு.

"அண்ணனுக்குக் கார் விற்கத்தான் ஆசை. அப்பா சூளையை அவனிடம் கொடுத்தார். நான் விமானம் ஏறிவிட்டேன்" என்று அன்ரி ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் பல் மட்டும்தான் தெரியும்.

அந்தச் சிவப்பைத் தனியாகப் பிடிக்க அவருக்கு வருடங்கள் எடுத்தன. இப்போது நடு லண்டனில் ஒரு கண்காட்சிக்கு நாற்பது கோப்பைகள் கேட்டிருந்தார்கள். நாலு கிழமைதான், ஒரு மாதம்கூட இல்லை. அதைப் பார்க்க அவருடைய அப்பா யப்பானிலிருந்து வருவதாக இருந்தார். பட்டறைத் தட்டில் மாதிரிக்கு ஒரு சிவப்புக் கோப்பை எப்போதும் இருக்கும். அன்ரி அதில் தேநீர் ஊற்றிக் கொடுத்தால் மாமா வாங்கமாட்டார். வானிலிருந்து கடதாசிக் கோப்பை எடுத்துவந்து நீட்டுவார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்த நாற்பதையும் சுட்ட சனிக்கிழமைதான் சூளை எரிவதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். நாங்கள் போனபோது நெருப்பு நீலம். நான் முற்றத்தில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தபோது, அன்ரி புகைபோக்கிக்குக் குறுக்கே இருந்த தட்டைத் தள்ளிக் காற்றைக் குறைத்தார். விடிய நாலு மணிக்கு எழும்பிய மனுசி. ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொள், ஏதும் மாறினால் எழுப்பு என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் பக்கத்து அறையில் பாயைப் போட்டுச் சரிந்துவிட்டார்.

ஐந்து நிமிடத்தில் மாமாவின் போன் அடித்தது. அடுத்த தெருவில் ஒரு கிழவி வீட்டில் காஸ் மணக்கிறதாம்.

"பத்து நிமிசத்தில வாறன் பிள்ளை. வாசல்லையே இரு. சூளைக்குக் கிட்டப் போகாதை."

ஒன்பது வயதுப் பிள்ளையை எரிகிற சூளைக்குக் காவல் வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் நானே கவுன்சிலுக்கு அறிவிப்பேன்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். சூளைச் சுவரில் ஒரு ஓட்டை. அதற்குள்ளிருந்து மஞ்சள் நாக்கு வெளியே நீண்டது. நுனியில் கறுப்புப் புகை. அது அன்ரி வேண்டுமென்றே வைத்த மஞ்சள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்து அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அன்ரி அசையாமல் படுத்திருந்தார்.

மாமா போட்ட உத்தரவு ஒரு பக்கம், மாமா சொன்ன பாடம் ஒரு பக்கம். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஓடினேன். புகைபோக்கித் தட்டின் இரும்புக் கைபிடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. தொட்டேன், சுட்டது. கம்பளிச் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு, காலைச் செங்கலில் ஊன்றி இழுத்தேன். வரவில்லை. திட்டிக்கொண்டே இழுத்தேன். வந்தது. மஞ்சள் நாக்கு உள்ளே போனது, புகை நின்றது.

பிறகு அன்ரியின் மூக்கடியில் கையை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. நான் காப்பாற்றிவிட்டேன். எழுப்பி விசயத்தைச் சொல்லலாமா என்று நினைத்தேன். பாவமாக இருந்தது, விட்டுவிட்டேன். வாசலில் போய் மகாராணி மாதிரி இருந்தேன்.

மாமாவின் பத்து நிமிடம் ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது. வந்தவர் சூளையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆர் இழுத்தது?"

"நான்தான். மஞ்சளா எரிஞ்சது மாமா."

மெச்சுவார் என்று காத்திருந்தேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வாயைத் திறக்காதை" என்றார். பிறகு அன்ரியை எழுப்பித் தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: தட்டை நான்தான் இழுத்தேன், பழக்கதோசம், மன்னிக்க வேணும். அன்ரி ஓட்டைக்குள் நெடுநேரம் பார்த்தார். காஸை மூடினார்.

சூளை ஆறித் திறந்தது திங்கட்கிழமை பின்னேரம். பள்ளிக்கூடம் முடிந்து நானும் போனேன். நாற்பதும் பச்சை. எனக்கென்றால் வடிவாகத்தான் இருந்தது, மழைக்குப் பிந்திய புல் மாதிரி. அன்ரி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். அழவில்லை. சட்டைக் கையை மடித்தார், சுத்தியலை எடுத்தார், ஒவ்வொன்றாக வாளிக்குள் உடைக்கத் தொடங்கினார்.

ஒவ்வொரு அடிக்கும் மாமா தலையைக் குனிந்தார். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. பொய் சொன்னால் நாக்கை அறுப்பேன் என்று எனக்குச் சொல்கிற மனிதன், என்னுடைய பிழையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார். பதினைந்தாவதோ பதினாறாவதோ கோப்பை உடைந்தபோது கத்திவிட்டேன்.

"மாமா இல்லை! நான்தான் இழுத்தது!"

"தெரியும்," என்றார் அன்ரி. "உன்னுடைய சட்டைதான் கருகியிருந்தது." அடுத்த கோப்பையை எடுத்தவர் கையை நிறுத்தினார். "மஞ்சளைக் கண்டு பயந்தாய், சரி. என்னை ஏன் எழுப்பவில்லை?"

"நீங்கள் நல்ல நித்திரை. கன்னமெல்லாம் சிவந்து வடிவாக இருந்தது. நித்திரை கொள்ளட்டும் என்று விட்டேன்."

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். மாமாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். சட்டென்று வெளியே போனார். எட்டிப் பார்த்தேன். வானுக்குள் ஏறி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது ஒரே ஒரு கோப்பை மிச்சம். சுத்தியலுக்கும் கோப்பைக்கும் நடுவே கையை நீட்டினார்.

"இதை எனக்குத் தாங்கோ," என்றார். தமிழில். அன்ரிக்கு விளங்கியது. ஏலாது என்று தலையாட்டினார். அடியில் தன் முத்திரை இருக்கிறது, பிழைத்த கோப்பை தன் பெயரில் வெளியே போகாது என்றார். மாமா கையை எடுக்கவில்லை. இரண்டு பிடிவாதங்கள் வாளிக்கு மேலே முறைத்துக்கொண்டு நின்றன. கடைசியில் அன்ரி கோப்பையைக் கவிழ்த்து, அரைக்கிற கல்லில் முத்திரை அழியும்வரை தேய்த்து மாமாவின் கையில் வைத்தார்.

அன்று பின்னேரமே புது மண்ணை எடுத்துவிட்டார். மூன்று கிழமை, மாமா வேலை முடிந்ததும் நேரே பட்டறைக்குப் போய் மண் பிசைந்தார். முதல் நாள் அவர் பிசைந்ததை அன்ரி கம்பியால் வெட்டிப் பார்த்தார். உள்ளே காற்றுக் குமிழி.

"சப்பாத்தி சுடவா போகிறோம்? திரும்பப் பிசை!"

மாமா திரும்பப் பிசைந்தார். இரண்டாவது சூட்டில் அன்ரி படுக்கவே இல்லை. நாற்பதும் சிவப்பாக வந்தன. அவருடைய அப்பா கண்காட்சிக்கு வந்து, ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்து, நெருப்பு வைத்தது யார் என்று மட்டும் கேட்டாராம். நான்தான் என்றாராம் அன்ரி. அதைச் சொன்னபோது பல் மட்டுமில்லை, முகம் முழுக்கச் சிரித்தது.

அந்த நாற்பதில் ஒன்றை எனக்குத் தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் அங்கால் திரும்பிக்கொண்டார். அம்மா அதை வாங்கி அலுமாரியின் பின்பக்கத்தில் வைத்துவிட்டார். அவ்வளவு மண் பிசைந்த மனிதனுக்கு அந்தச் சிவப்பில் என்ன வெறுப்பு? பொறாமை என்று முடிவு கட்டினேன். அவரோ அந்தப் பச்சைக் கோப்பையில்தான் தேத்தண்ணி குடித்தார். இன்றைக்கும் அதில்தான்.

காஸ் வேலை படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்றைக்குத்தான் அம்மா வாய் திறந்தார். ஜெர்மனியில் மாமா இன்னொரு பெடியனோடு ஒரு அறையில் இருந்தாராம். ஷிப்ட் முடிந்து விடிய வந்தபோது அறை புழுங்கிக் கிடந்தது. காஸ் ஹீற்றர் மஞ்சளாக எரிந்தது. அதை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டார். பெடியன் கட்டிலில் கிடந்தான். கன்னமெல்லாம் சிவந்து வடிவாக இருந்தானாம். மாமா சத்தம் போடாமல் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்தார். நித்திரை கொள்ளட்டும் என்று விட்டாராம். அவன் எழும்பவேயில்லை; அந்த நஞ்சு ஏறினால் கன்னம் சிவக்கும் என்று மாமாவுக்குப் பிறகுதான் தெரிந்ததாம்.

அன்றைக்கு வானுக்குள் இருந்தவர் என்னோடுதான் கோபம் என்று நினைத்தேன். நானும் திரும்பக் கோபித்துக்கொண்டு மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.