நீர்மூழ்கிக்குள் வழிவிட்டு நின்றவன்

கடற்படையில் சேர்ந்து விசாகப்பட்டினத்தில் இருக்கும் என் மகன் ஒரு நாள் போனில் கேட்டான். "ப்பா, சப்மரீன் டூட்டிக்கு என் பேரைக் குடுக்கட்டுமா? யாரும் ஃபோர்ஸ் பண்ணல. நீங்க வேண்டாம்னா குடுக்க மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லுதேம்லே" என்று பெரிய மனுஷன் குரலில் சொல்லி வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். எங்கள் தாராவி சந்தில் அது பொதுக் கழிப்பறை. அங்கே பயப்படுவதென்றாலும் வரிசையில் நின்றுதான் பயப்பட வேண்டும்.

யோசிக்கிறேன் பேர்வழி என்று மொபைலில் நீர்மூழ்கிகளைப் பார்க்கத் தொடங்கினேன். உலகப் போரில் ஓடிய கப்பல்களைப் பல நாடுகளில் மியூசியமாக்கி, உள்ளே சுற்றிப் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அம்புக்குறியைத் தொட்டால் ஓர் எட்டு முன்னே போகும். விரலால் இழுத்தால் தலை திரும்பும். நான் வேலை பார்க்கும் தோல் பைப் பட்டறையில் மற்றவர்கள் மதியச் சோறு தின்னும்போது நான் நடுக்கடலுக்கு அடியில் இருந்தேன்.

எந்தக் கப்பலிலும் ஆள் இல்லை. விளக்கு மட்டும் எரியும். டார்பிடோ குண்டுக்கு மேலே கட்டில், அதில் சுருக்கமில்லாமல் விரித்த போர்வை. மேஜையில் பீங்கான் கோப்பைகள். எல்லாரும் இப்போதுதான் எழுந்து அடுத்த அறைக்குப் போனதுபோல இருக்கும். அடுத்த அறைக்குப் போனால், அங்கிருந்தும் எழுந்து போயிருப்பார்கள். ஒரு ராத்திரி வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பார்க்கையில், படத்தில் கீழே பார்த்தேன். என் கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல் வட்டம். கேமரா நின்ற இடத்தை அழித்திருக்கிறார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது. கால் நம்பவில்லை. கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடியது.

"ஃபேன் ஓடுது, ஏன் இப்பிடி வேர்த்துக் கொட்டுது?" என்றாள் மனைவி.

"தண்ணிக்கடியில இருக்கேம்ளா."

"நீங்க கட்டில்ல இருக்கிய. எங்கிட்ட கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன். அதான் அவன் உங்ககிட்ட கேக்கான்."

முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம் என்று விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினேன். "வேண்டாம்" என்ற சொல்லை வழி நெடுகப் பழகிக்கொண்டே போனேன். கண்டிப்பாக ஒரு தடவை, பாசமாக ஒரு தடவை.

அங்கே கடற்கரை மணலில் ஒரு நீர்மூழ்கியை மியூசியமாக நிறுத்தியிருக்கிறார்கள். வங்கதேசப் போர்க் காலத்துக் கப்பல். மகன் டிக்கெட் எடுத்தான்.

மொபைலில் வாசனை கிடையாது. இங்கே பழைய எண்ணெய் வாசனை. இரண்டு பக்கமும் குழாய்களும் சக்கரங்களும், நடுவில் ஓர் உடம்புக்கு வழி. எங்கள் சந்தின் அகலம்தான். சந்தில் எதிரே ஆள் வந்தால், சுமை இல்லாதவன் சுவரோடு ஒட்டி, வயிற்றை எக்கி, சுமைக்காரனுக்கு வழிவிட வேண்டும். அப்படித்தான் வளர்ந்தோம். எதிரே நீலச் சட்டைக்காரன் ஒருவன் கையில் பெட்டியோடு வந்தான். ஒட்டினேன், எக்கினேன். "ஜாவ் பேட்டா, போ மகனே" என்றேன்.

அவன் நகரவில்லை. கண்ணும் இமைக்கவில்லை. என் மகன் வயதுதான் இருக்கும். கன்னத்தில் தூசி படிந்திருந்தது.

பொம்மை என்று புரிந்த பிறகும் எக்கிய வயிறு இறங்க மறுத்தது. திரும்பினால், பின்னால் என் மகனும் சுவரோடு ஒட்டி நிற்கிறான்.

"நீ எதுக்குலே நிக்க?"

"நீங்க நின்னிய, நானும் நின்னுட்டேன்." சிரிப்பு பீறிட்டது அவனுக்கு. "க்யா பா! பொம்மைக்குப் போய் வழி விடுதிய!"

சிரித்துக்கொண்டே என்னையும் பொம்மையையும் தாண்டி, வட்டக் கதவுக்குள் ஒரு காலை விட்டு, தலையைக் குனிந்து, மறு காலை இழுத்துக்கொண்டான். எங்கும் இடிக்கவில்லை. நான் முயன்றேன். நெற்றி இரும்பில் மோதி டங்கென்றது.

அந்தப் பக்கமிருந்து முகத்தை மட்டும் நீட்டினான். சிரிப்பு நின்றிருந்தது. "வேண்டாமாப்பா?"

அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவன் முகமும் பொம்மை முகமாகத்தான் தெரிந்தது. கண் இமைக்கட்டும் என்று காத்திருந்தேன். இமைத்தான். அவனுக்கு அங்கே மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது. என் பயத்தை அவன் தலையில் கட்ட மனசு வரவில்லை.

"பேரு குடுலே" என்றேன்.

வெளியே மணலில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டேன். பொம்மைக் கதையைக் குரல் மாற்றி நடித்துச் சொன்னேன். சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சரி சொல்லிவிட்டதையும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவன் படுக்க எடத்துல ஜன்னல் இருக்கா?"

எதற்கும் ஒரு ஜோக் கைவசம் வைத்திருப்பவன் நான். போனைக் காதிலிருந்து எடுத்து, அலைச் சத்தம் அவளுக்குக் கேட்கும்படி கடல் பக்கமாகப் பிடித்துக்கொண்டேன்.