வெர்னா வேண்டாம் என்ற ஆறு கல்லூரிகள்

வெர்னா ஃபோன்டெனோ பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். தெற்கு லூசியானாவில், கரும்புக் காடுகளுக்கு நடுவே போகிற சாலையில் அவள் வண்டி வந்தால் மணி ஆறரை. பின்சீட்டில் எவனாவது வாலாட்டினால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். பெட்டிப் பாம்பாய் அடங்கிவிடுவான். அவளிடம் பொய் சொல்லித் தப்பித்தவன் அந்த ஊரில் கிடையாது. அப்படிப்பட்டவளை ஒருவன் அவள் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து ஏமாற்றிவிட்டுப் போனான்.

அவள் மகன் ஜாமர் பள்ளிக் கால்பந்து அணியில் முன்வரிசைக்காரன். எங்கள் ஊரில் கால்பந்து என்றால் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மோதுகிற ஆட்டம்தான். எதிராளியை முட்டித் தள்ளி வழி உண்டாக்குவது ஜாமரின் வேலை. நன்றாக ஆடுகிறவனுக்குக் கல்லூரியே படிப்பும் சாப்பாடும் தங்க இடமும் தரும். பேருந்து ஓட்டுகிறவள் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போக அதைவிட்டால் வேறு வழி இல்லை. ஜாமருக்கு ஏழு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஆறு சிறிய கல்லூரிகள். ஏழாவது, சனிக்கிழமை ஆட்டத்துக்கு லட்சம் பேர் கூடுகிற பெரிய பல்கலைக்கழகம்.

பெரிய இடத்திலிருந்து வந்தவன் பெயர் ட்ரெண்ட் ஹாலிஸ். ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பிடித்துச் சேர்ப்பதுதான் அவன் பிழைப்பு. டிசம்பரில் வெர்னா வீட்டுக்கு வந்து, அவள் வைத்த இறால் கம்போக் குழம்பை மூன்று கிண்ணம் வழித்துச் சாப்பிட்டான்.

"மிஸ் வெர்னா, ஜாமருக்கு எங்ககிட்ட இடம் இருக்கு. இனிமே அவன் என் பையன்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான்.

இந்தச் சந்தையில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு கல்லூரிக்குச் சரி என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டைக் கைவசம் வைத்திருப்பார்கள். பள்ளிப் பயிற்சியாளர் மூட்டோனும் அதைத்தான் சொன்னார்.

"அது என்ன கோச், ஒரே நேரத்துல மூணு பொண்ணுக்கு மோதிரம் போடற மாதிரி?" என்று வெர்னா அவர் வாயை அடைத்துவிட்டாள்.

அன்று மாலை ஜாமரை உட்காரவைத்து, மற்ற ஆறு பேருக்கும் வரிசையாகத் தொலைபேசியில் பேச வைத்தாள்.

"குறுஞ்செய்தியெல்லாம் வேணாம். வரலைன்னு உன் வாயால சொல்லு. அவங்க வேற பையனப் பாத்துக்கட்டும்."

ஆறாவது ஆள் ஆல்வின் ரீவ்ஸ், வடக்கே பைன் காட்டுப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியின் பயிற்சியாளர். "வேணாம்னு சொல்றதுக்குப் போன் பண்ற பையன இந்த வருஷம் இப்பதான் பாக்கறேன் தம்பி" என்றார். வெர்னாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிப்ரவரி முதல் புதன் கையெழுத்து நாள்; அன்றுதான் பையன்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் போடுவார்கள். அதற்கு ஐந்து நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, ஹாலிஸ் கூப்பிட்டான்.

"ஒரு சின்ன மாறுதல், மிஸ் வெர்னா. இந்த வருஷத்து இடமெல்லாம் நிரம்பிடுச்சு. ஜாமர் அடுத்த ஜனவரில வந்து சேரட்டும். அதுவரைக்கும் வீட்ல இருந்து உடம்ப ஏத்தட்டும்."

"ஜனவரில இடம் நிச்சயமா?"

"இப்போதைக்கு அப்படித்தான் தெரியுது."

"டிசம்பர்ல இதே வாயாலதான சொன்னீங்க?"

"இது என் கையில இல்லீங்க. மேலிடத்து முடிவு."

"அப்ப மேலிடத்தக் கூப்பிடுங்க, பேசறேன்."

"அவர் வெளியூர்ல இருக்கார்" என்று வைத்துவிட்டான். உட்கார்ந்து சாப்பிட வரும்போது மட்டும் மேலிடம் அவனேதான்!

வெர்னா வெட்கத்தை விட்டு ஆறு கல்லூரிக்கும் தானே பேசினாள். ஐந்து பேர் நாசூக்காகக் கை விரித்தார்கள். ரீவ்ஸ் மட்டும் உள்ளதைச் சொன்னார்.

"ஜாமர் இடத்தப் போன வாரம்தான் வேற பையனுக்குக் குடுத்தேன். உங்களுக்காக அவன்கிட்டேர்ந்து பிடுங்க மாட்டேன் மிஸ் வெர்னா. மன்னிச்சுக்கங்க."

அவரைத் திட்ட வெர்னாவுக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

கேட்டுக்கொண்டிருந்த ஜாமர், "நீதான்மா போன் பண்ண வெச்ச" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை மூட்டோன் பேருந்து நிறுத்துமிடத்துக்கே வந்தார். கையெழுத்து நாளில் பையன்கள் பள்ளி உள்ளரங்கில் வரிசையாக உட்கார்ந்து, சேரப்போகிற கல்லூரியின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஊரே வந்து கைதட்டும்.

"ஜாமரும் நாளைக்கு உக்காரட்டும். அந்தத் தொப்பியவே போட்டுக்கட்டும். ஜனவரில சேரப்போறான்னு சொல்லிக்கலாம். எல்லாருக்கும் கௌரவமா இருக்கும்."

"உங்களுக்கு இது எப்பத் தெரியும் கோச்?"

மூட்டோன் கழுத்தில் தொங்கிய விசிலைத் திருகினார். "ரெண்டு வாரமா... ஒரு பேச்சு அடிபட்டுது."

"ரெண்டு வாரமாவா? அப்ப ரீவ்ஸ்கிட்ட இடம் இருந்துச்சே! சொல்லியிருந்தா என் புள்ள தப்பிச்சிருப்பானே!"

"ஹாலிஸப் பகைச்சுக்கிட்டா இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டான். அடுத்த வருஷப் பசங்களையும் நெனைக்கணும்ல?"

"எதுக்கு? அவங்க கழுத்தையும் அறுக்கறதுக்கா?"

புதன்கிழமை உள்ளரங்கில் ஜாமர் இல்லை. வெர்னா இருந்தாள். நான்கு பையன்கள் கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து, கைதட்டல் ஓயும் வரை பொறுத்திருந்தாள். அந்தப் பிள்ளைகளின் சந்தோஷத்தில் மண்ணைப் போட அவளுக்கு மனமில்லை. பிறகு எழுந்து போய் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"டிசம்பர்ல ட்ரெண்ட் ஹாலிஸ் என் வீட்ல சாப்பிட்டுட்டு, என் புள்ளைக்கு இடம் உண்டுன்னார். வெள்ளிக்கிழமை இல்லைன்னுட்டார். நம்ம கோச்சுக்கு ரெண்டு வாரமா தெரியும், வாயத் தெறக்கல. அடுத்து உங்க வீட்டுக்கு வருவாங்க..."

யாரோ ஒலிவாங்கியை அணைத்தார்கள். அறுபது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே பின்சீட்டை அதட்டிப் பழகியவளுக்கு அந்தக் கருவி எதற்கு?

"...வந்தா, சோறு போடறதுக்கு முன்னாடி எழுதி வாங்குங்க!"

உள்ளூர்த் தொலைக்காட்சி அதை அப்படியே காட்டியது. பாதி ஊர் அவளைக் கட்டியணைத்துக்கொண்டது. மீதிப் பாதி, பையன்களின் வாய்ப்பைக் கெடுத்தவள் என்று கடையில் முகம் திருப்பிக்கொண்டது. ஹாலிஸின் பல்கலைக்கழகம் மூச்சுவிடவில்லை. மூட்டோன் இன்னும் அதே விசிலோடுதான் திரிகிறார்.

இரண்டு நாள் கழித்து ரீவ்ஸ் கூப்பிட்டார்.

"அணியில ஒரு எடம் தரலாம் மிஸ் வெர்னா. பணம் கிடையாது. மொத வருஷம் கடன் வாங்கித்தான் படிக்கணும். ரெண்டாம் வருஷம் உதவித்தொகை கிடைக்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது."

வெர்னாவின் கோபம் இன்னும் அடங்கியிருக்கவில்லை. "எழுதிக் குடுங்க" என்றாள்.

"எழுத என்ன இருக்கு? நான்தான் எதுவும் தரலியே."

"அதையே எழுதுங்க. எதுவும் தரலன்னு எழுதிக் கீழ உங்க கையெழுத்தப் போடுங்க."

திங்கட்கிழமை கடிதம் வந்தது. ஜாமர் இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"இதுல ஒண்ணுமே இல்லியேமா."

"இல்லைன்னுதான போட்டிருக்கார், பாரு" என்றாள் வெர்னா.

அவன் கடிதத்தை மறுபடி எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தான். "எப்ப வரச் சொல்றார்?" என்று கேட்டான்.