கோலமாவில் சென்னை மாகாணம்

சென்னை மாகாணத்தில் நான் பார்க்காத இடம் எது என்று கேட்டால் சொல்லி மாளாது. பார்த்த இடம் எது என்று கேளுங்கள், ஒரு நொடியில் முடித்துவிடுகிறேன். பிறந்தது அரியலூர். வாழ்க்கைப்பட்டுப் போனது திருமானூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். புருஷன் விஷக்காய்ச்சலில் போன பிறகு சடங்குக்கு என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தது திருமழபாடியில், கொள்ளிடக் கரையில். அப்புறம் டீச்சர் டிரெயினிங்குக்காகத் திருச்சி. அங்கேயும் ஹாஸ்டல் கேட்டைத் தாண்டியது கிடையாது. அவ்வளவுதான். இந்த லட்சணத்தில் எனக்குக் கிடைத்த வேலை, அரியலூரிலேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளமும் சரித்திரமும் சொல்லிக்கொடுப்பது. விசாகப்பட்டினத்துத் துறைமுகம், நீலகிரித் தேயிலை, மலபார் மழை, பெல்லாரி வெயில் என்று எல்லாவற்றையும் நேரில் பார்த்தவள் மாதிரி அளப்பேன். கோதாவரியைப் பற்றிச் சொல்லும்போது என் கண்ணுக்குள் ஓடுவது கொள்ளிடம்தான். வேறு ஆறு எனக்குத் தெரியாதே!

டிரெயினிங்குக்கு அனுப்பியது அப்பா. அவர் போனதும் வீடு அண்ணன் கைக்கு வந்தது. கடலை மண்டி வைத்திருந்தார். என்மேல் உயிரையே வைத்திருந்தார், அதுதான் கஷ்டமே. அடித்து உதைக்கிற அண்ணனாக இருந்தால் வாயார வைதுவிட்டாவது ஆறுதல் அடையலாம். இவர் திருச்சிக்குப் போனால் எனக்கென்று பால்கோவா வாங்கி வருவார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டுத்தான் அவர் கை நனைப்பார். ஆனால் வீடு, பள்ளிக்கூடம், திரும்ப வீடு, அதற்குமேல் ஒரு அடி கிடையாது. நடுவில் இருந்தது இரண்டே தெரு. மூன்றாவது தெருவில் என்ன கடை இருக்கிறது என்று எனக்கு என் வகுப்புப் பிள்ளைகள்தான் சொல்வார்கள்.

யுத்த காலம் அது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். மலபார்க்காரர். வெள்ளைச் சேலை, கையில் குடை, பேச்சில் மலையாளத்து இழுவை. என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் ஜில்லாக்களை ராகம் போட்டு ஒப்பித்தார்கள், ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது அந்த அம்மாள் சாதாரணமாக, "வடக்கு எந்தப் பக்கம்? கை காட்டுங்க" என்றார்.

அத்தனை பிள்ளைகளும் கூரையைக் காட்டினார்கள்!

என் உயிரே போய்விட்டது. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியுமா? "வடக்கு மேலே, தெற்கு கீழே" என்று படத்தைச் சுவரில் மாட்டிக் குச்சியால் தட்டித் தட்டிச் சொன்னது நான்தானே. இதே பிள்ளைகள் வெளியே போனால், "ஆடு வடக்கால போயிருச்சு, நீ கிழக்கால மடக்கு" என்று தம்பியை விரட்டுவார்கள். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் வடக்கு கூரைக்கு ஏறிவிடும். தெற்கு எங்கே என்று அவர் அடுத்துக் கேட்டபோது ஒரு பிள்ளை தன் காலடியைக் காட்டியது. இன்ஸ்பெக்டர் அம்மா சிரிக்கவில்லை. "படத்தை இறக்கித் தரையில போடுங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தரையில் போட நல்ல படம் ஏது? இருந்த ஒரே படத்தில் செங்கல்பட்டு முழுக்கக் கரையான் தின்றுவிட்டது. புதிதாகக் கேட்டால் யுத்தம் முடியட்டும் என்றார்கள். சரி, போடி என்று துணிந்தேன். எங்கள் ஊரில் வெள்ளைக்கல்லுக்கா பஞ்சம்? அரிசி ரேஷனில் வந்த நாளிலிருந்து கோலத்துக்கு எல்லா வீட்டிலும் கல்லை இடித்துச் சலித்த மாவுதான். பிள்ளைகள் ஆளுக்கொரு கொட்டாங்கச்சி மாவு கொண்டுவந்தார்கள். முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, நிஜ வடக்குக்கே வடக்கை வைத்து, குனிந்து மாகாணத்தைப் போட்டேன். ஊருக்குப் போகிற ஆசையெல்லாம் விரலுக்கு வந்துவிட்டது போல. கடற்கரையை ஒரே இழுப்பில் இழுத்தேன். ஒரு பிள்ளை வயலில் பொறுக்கிய கல்லாகிப்போன சிப்பியைக் கொண்டுவந்து, "இத எங்க வெக்கிறது டீச்சர்? கடல்லயா, நம்ம ஊர்லயா?" என்றாள். நம் ஊரும் ஒரு காலத்தில் கடல்தான் என்று சொல்லி, அரியலூரிலேயே வைக்கச் சொன்னேன். பிள்ளைகள் கோதாவரியைத் தாண்டிக் குதித்தார்கள், நீலகிரியில் ஏறி நின்று குளிருகிறது என்று நடுங்கிக் காட்டினார்கள். அன்றைக்கு மாதிரி நான் சிரித்தது எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை ஒரு பிள்ளையின் அம்மா வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

"தாலியறுத்தவ போட்ட கோலத்துல எம்பொண்ண நிக்க வெச்சிருக்கீங்களே, நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா யாருங்க பொறுப்பு?"

கோலம் இல்லை, அது படம் என்று தலைமை டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வாசத் தெளிச்சு மாவுல போட்டா அது கோலந்தாங்க" என்று ஒரே போடாகப் போட்டாள். பக்கத்தில் நின்ற பெண்களும் ஆமாம் போட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாவுக் கொட்டாங்கச்சியைத் தூக்கி எறியத் தோன்றியது. எறியவில்லை. கடைசியில் தலைமை டீச்சர் ஒரு வழி சொன்னார். மாவைப் பிள்ளைகளே போடட்டும், நான் வெளியே நின்று வாயால் சொல்ல வேண்டும், கோட்டுக்குள் காலும் வைக்கக் கூடாது. அப்படித்தான் நடந்தது. "இன்னும் கொஞ்சம் மேக்கால இழு, அங்கதான் மலை" என்று நான் தாழ்வாரத்தில் நின்று கத்துவேன். மாகாணம் முழுக்க என் பிள்ளைகள் ஓடுவார்கள். நான் ஓரத்தில் நின்றேன்.

அடுத்த வருஷம் இன்ஸ்பெக்டர் அம்மா மறுபடியும் வந்தார். பிள்ளைகள் முற்றத்தில் மாகாணத்தைப் போட்டு, திசை பிசகாமல் நின்று பாடம் ஒப்பித்தார்கள். பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். கோயம்புத்தூரில் டீச்சர் டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லித்தர ஆள் வேண்டுமாம். ஹாஸ்டலிலேயே அறை தருவார்களாம். லீவு நாட்களில் மாணவிகளை ஊட்டிக்கும் மலபார் கடற்கரைக்கும் கூட்டிப்போவது அந்த வேலையிலேயே சேர்த்தியாம். "வீட்டில் சம்மதம் மட்டும் வேணும். நான் வந்து கேட்கட்டுமா?" என்றார். வேகமாகத் தலையை ஆட்டினேன்.

சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணன் மண்டியிலிருந்து ஓடிவந்து, நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டு, பயபக்தியோடு நின்றார். நான் உள்கதவை ஒட்டி நின்றேன். அந்த அம்மாள் என்னை அப்படிப் புகழ்ந்தார். "உங்க தங்கை இங்கே உட்கார்ந்த இடத்திலேயே மாகாணம் முழுக்கத் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. போய்ப் பார்த்தவங்களுக்குக்கூட இவ்வளவு தெரியாது" என்றார்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "கேக்கவே சந்தோசமா இருக்குங்கம்மா" என்றார். "உக்காந்த எடத்துலயே எல்லாந் தெரிஞ்சு வெச்சிருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் எதுக்குங்க அது அங்கல்லாம் போவணும்?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். அந்த அம்மாள், தெரிந்துகொள்வது வேறு, பார்ப்பது வேறு என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அண்ணன் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கதவைத் தாண்டி வெளியே வந்தேன்.

"நான் போறேண்ணே. எனக்குப் போவணும்."

அவர் கோபப்படவில்லை. என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "போவலாம் பாப்பா. நம்ம வூட்டுப் பொண்ணு கல்யாணம் முடியட்டும். இப்ப நீ தனியா ரயிலேறுனா, நாளைக்கு அதக் கேட்டு எவன் வருவான் சொல்லு" என்றவர், உள்ளே திரும்பி, "காப்பி ஆயிருச்சா?" என்று அண்ணியைக் கேட்டார். அண்ணன் மகளுக்கு அப்போது வயது எட்டு. என் வகுப்புக்கே இன்னும் வரவில்லை.

"ஏன் சொல்லாமல் கிளம்பியிருக்கக் கூடாது?" என்று இப்போது இளசுகள் என்னைக் கேட்கிறார்கள். ஸ்டேஷன் என்ன கடலுக்கு அப்பாலா இருந்தது? நடக்கிற தூரம்தான். திருச்சியில் எந்த ரயில் மாற வேண்டும், ஈரோட்டில் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அந்தக் குழந்தை தினமும் என் மடியில் படுத்துக் கதை கேட்டபடி தூங்கும். அதன் தலையில் மண்ணைப் போட்டுவிட்டு எப்படிப் போவது? அண்ணன் அதைச் சொல்லிக் கட்டிப்போட்டார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஊர் அப்படித்தான் பேசும் என்று எனக்கே தெரியும்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோடும் பேசவும் இல்லை. பள்ளிக்கூடம் போனேன், வந்தேன், அறைக்குள் படுத்தேன். அண்ணன் தவித்துப்போனார். வாசலில் நின்று, "என்ன பாப்பா செய்யுது? வைத்தியரக் கூப்புடவா?" என்பார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். ஒரு நாள் மண்டியைப் பூட்டிவிட்டுத் திருச்சிக்குப் போனார். சாயங்கால வண்டியில் திரும்பியபோது அவர் தோளில் துணி சுற்றிய நீளமான சுருள் ஒன்று இருந்தது.

நேராக என் அறைக்கு வந்து பிரித்தார். சென்னை மாகாணம்! துணியில் ஒட்டிய பெரிய வர்ணப் படம். பள்ளிக்கூடத்துக்கே கிடைக்காததை எங்கே தேடி அலைந்தாரோ, யார் காலில் விழுந்தாரோ. முகமெல்லாம் வியர்வை. ஸ்டூலைப் போட்டு ஏறி, வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டு, அவரே சுத்தியலால் அடித்து என் கட்டிலுக்கு எதிரே மாட்டினார். இறங்கி நின்று அழகு பார்த்தார்.

"இந்தா பாரு, கோயமுத்தூரு, ஊட்டி, மலையாளம், எல்லாம் வூட்டுக்குள்ளயே வந்துருச்சு. இனிமே உனக்கு என்ன கொற?"

நான் உடைந்துவிட்டேன். அப்படி ஒரு அழுகை புருஷன் செத்தபோதுகூட எனக்கு வரவில்லை. சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அண்ணனுக்கும் கண் கலங்கிவிட்டது. என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வெளியே போனார்.

"படத்தப் பாத்ததும் சந்தோசத்துல அழுதுருச்சு" என்று அவர் அண்ணியிடம் சொல்வது எனக்குக் கேட்டது. "சோத்தப் போடு, இனிமே சாப்புடும்."

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.