முழுக்கை ரவிக்கை

எங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தையின் படம் மாட்டியிருக்கிறேன். மூன்றடி உயரம், தேக்குச் சட்டம், மேலே தனியாக ஒரு விளக்கு. கள்ளக்குறிச்சியில் இத்தனை பெரிய படம் வேறு யார் வீட்டிலாவது இருந்தால் வந்து சொல்லட்டும். பட்டுப்புடவையும் மணிக்கட்டு வரை இறங்கிய முழுக்கை ரவிக்கையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். என் மகன் கல்யாணத்தில் எடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் அவளைப் படம் எடுக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியதில்லை.

நான் மூன்றாவதோடு நின்றவன். இன்றைக்குச் சின்னசேலம் சாலையில் இரண்டு ஜவ்வரிசி மில்கள் என் பெயரில் ஓடுகின்றன. மரவள்ளிக் கிழங்கை ஒடித்து மோந்து பார்த்தே அது மலைக் கிழங்கா, சங்கராபுரத்துச் செம்மண் கிழங்கா என்று சொல்லிவிடுவேன். படித்தவர்கள் மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டு நான் சொன்னதையே சொல்வார்கள். யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை என்று மேடை ஏறினால் பேசுவேன். அது பொய். என் அப்பாவும் அம்மாவும் ஒரே காய்ச்சலில் போன பிறகு, இரண்டு வயதுப் பிள்ளையான என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கல்வராயன் மலையிலிருந்து நடந்தே இறங்கியவள் அப்பாவின் தங்கையான இந்த அத்தை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரோ ஒருவருடைய மில்லில் கிழங்குத் தோல் சீவி என்னை வளர்த்தாள். சாயங்காலம் வருகையில் கையெல்லாம் மாவு காய்ந்து வெளுத்திருக்கும். தண்ணீர் ஊற்றினால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை குத்தியிருந்த பச்சைதான் முதலில் வெளியே வரும். பத்து வருஷம் அந்தக் கைக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

மகனுக்குப் பார்த்த பெண் வீட்டார் திருக்கோவிலூர்ப் பக்கம் நிலபுலன் உள்ளவர்கள். "உங்க பூர்வீகம் எதுங்க?" என்று கேட்டார்கள். மலையிலிருந்து கூலிக்கு இறங்கி வந்த குடும்பம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உளுந்தூர்பேட்டைக்கு லோடு ஏற்றிப் போகும்போது பார்த்த ஊர் ஒன்றின் பெயரைச் சொன்னேன். அந்த ஊர் அம்மனையே எங்கள் குலதெய்வம் என்றேன். பத்திரிகையில் அச்சும் அடித்தாகிவிட்டது. அத்தை கையிலிருந்த பச்சை காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்து முழுக்கை ரவிக்கை தைத்து வந்தேன்.

"இன்னாடா இது, குளுருக்குப் போடறாப்பல?" என்றாள்.

"இப்ப இதான் அத்த பேஷன். போட்டுக்கோ."

"தோல் சீவுன கைன்னு தெரிஞ்சிடுமாக்கும். குடு, குடு" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். பந்தியில் ஒருவர் அவளிடமே பூர்வீகத்தைக் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நான் சொல்லிவைத்த ஊரையே சொன்னாள். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் முழுக்கை ரவிக்கைதான். அந்தக் கையை நான் மறுபடி பார்க்கவில்லை.

ஒரே ஒரு தரம் கேட்டாள். "நம்ம சாமிகிட்ட என்ன ஒரு வாட்டி இட்டுக்கினு போடா. ஒரு பொங்க வெச்சிட்டு வந்துடறேன்." ஊருக்கெல்லாம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், அதைக் கெடுத்துவிடாதே என்றேன். எந்தச் சாமி, எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. நான்கு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள்.

அவள் புடவையையாவது அந்தச் சாமி முன்னால் வைத்து ஒரு பொங்கல் இட்டுவிட வேண்டுமென்று எங்கள் மலை ஊர் எதுவெனத் தேடி இரண்டு வருஷமாக அலைகிறேன். நான் படித்த பள்ளிக்கூடத்துப் பழைய பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. தாலுகா ஆபீசில் குமாஸ்தா கட்டுக்கட்டாகப் புரட்டிவிட்டு, "ஐயா, இதுல தெளிவா இருக்குதே. சொந்த ஊரு உளுந்தூர்பேட்டப் பக்கம். கீழ நீங்கதானே கையெழுத்து போட்டுக்கிறீங்க?" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய பிறப்பிடச் சான்று, இறப்புச் சான்றிதழ், எதைப் பிரித்தாலும் நான் சொன்ன பொய்தான் முத்திரையோடு இருந்தது. என்னை ஏமாற்ற வேறு ஆள் வேண்டியிருக்கவில்லை.

மில்லில் அத்தையோடு தோல் சீவிய கிழவி ஒருத்தி, "கையில பச்ச இருந்துச்சே, அத வெச்சி மலையில கேளுப்பா" என்றாள். எனக்கு உயிர் வந்தது. புடவையைப் பையில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். வெள்ளிமலை தாண்டி, பச்சை குத்துகிறவளின் மகள் என்று ஒரு பாட்டியைக் காட்டினார்கள். அவள் அம்மா ஏழெட்டு ஊருக்குக் குத்தியவளாம். ஊருக்கு ஒரு கோலமாம். செல்போனில் அத்தை படத்தைக் காட்டினேன்.

"மூஞ்ச வெச்சி நான் இன்னா சொல்றது? கெழவி ஆனா எல்லா மூஞ்சியும் ஒன்னுதான். கையக் காட்டு."

"கை... மூடிக்கினு இருக்குதும்மா."

"சரி, நீ பாத்தவன்தானே? மண்ணுல போட்டுக் காட்டு."

குச்சியை எடுத்து உட்கார்ந்தேன். முதன்முதலில் வாங்கிய லாரியின் நம்பர் இன்னும் எனக்கு மனப்பாடம். பத்து வருஷம் தண்ணீர் ஊற்றிய கை நினைவுக்கு வரவில்லை. ஏதோ கோடுகள் இழுத்தேன்.

"இது இன்னாப்பா, ஜன்னல் கம்பியா?" என்று சிரித்தாள் பாட்டி. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, "காபி தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாள்.

புடவை பையோடு திரும்பி வந்தது. படத்தை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய், ரவிக்கை விளிம்பில் பச்சையாக ஒரு புள்ளி தெரிகிறதே, அதைப் பெரிதாக்கு என்றேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அது துணியில இருக்கிற பூவுங்க" என்றான்.

படத்தைத் திரும்பவும் கூடத்தில் மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, நல்ல துணி என்கிறார்கள். நல்ல துணிதான். கடையில் நின்று நானே தேர்ந்தெடுத்தது. கெட்டியாகக் கொடுங்கள், உள்ளே எதுவும் தெரியக் கூடாது என்று கேட்டு வாங்கினேன்.